விளக்குமாற்றைத் தண்டனையாக்க வேண்டாம்: எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிக்கும் உறுப்பினர்களுக்கும், தலைமையாசிரியர், ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் நம் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பையனுக்கும் மூன்றாம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்கும் அம்மா. வீட்டிலேயே தையல் வேலை. குழுவில் உறுப்பினர் இல்லை. கூட்டத்துக்கு வந்தாலும் கடைசியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிற ஆள்தான். போன மாதம் பள்ளி முற்றத்தைச் சுத்தம் செய்தோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நன்றி சொல்லவும் இருக்கிறது, சண்டை போடவும் இருக்கிறது. நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2025 ஜனவரிக் கடைசியில் மணப்பாறையில் சாரணர் வைரவிழா ஜாம்போரி என்ற பெரிய முகாம் நடந்தபோது, நம் சாலை வழியாகப் பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் போனார்கள். கழுத்தில் ஸ்கார்ஃப், ஜன்னலுக்கு ஜன்னல் கொடி, புரியாத மொழியில் பாட்டு. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து என் பையன் சாரணர் படையில் சேர்ந்தே தீருவேன் என்று நின்றான். யூனிஃபார்ம் செலவை நினைத்து நான் தயங்கினேன். அப்புறம், துணி வாங்கிக் கொடுத்தால் தைப்பது நான்தானே என்று ஒப்புக்கொண்டேன். அவனுக்குத் தைத்த கையோடு இன்னும் நாலு பிள்ளைகளுக்கும் தைத்தேன். இப்படித்தான் நானும் இதற்குள் வந்து சேர்ந்தேன்.

முற்றத்தைச் சுத்தம் செய்யலாம் என்ற யோசனை சாரண ஆசிரியருடையது. சனிக்கிழமை வைக்கலாம் என்றுதான் முதலில் சொன்னார். புரட்டாசிச் சனிக்கிழமை யார் வருவார்கள்? தளிகை போட வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஞாயிறு காலை ஆறரை மணி என்று முடிவானது. புரட்டாசி ஆனதால் கறிக்கடைக்கு ஓடுகிற வேலையும் யாருக்கும் இல்லை. அப்பா, அம்மா, தாத்தா, கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பன்னிரண்டு சாரணர் மட்டும் வருவார்கள் என்று நினைத்து டீ வாங்கிய தலைமையாசிரியர், கடைக்கு இன்னும் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அந்த டீக்கு நன்றி. பின்வாசலைத் திறந்துவிட்டதற்கும் நன்றி.

சத்துணவுக் கூடத்துக்கும் பழைய கட்டடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த முற்றத்தை உங்களில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. வேப்பமரம் மட்டும்தான் வெளியிலிருந்து தெரியும். உள்ளே இடுப்பளவுக்குப் பார்த்தீனியக் களை. காலுடைந்த பெஞ்சுகள். ரீஃபில் குச்சி, ஜெல்லி கப், பால் கவர். பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்த புதையல் ஏழு ரப்பர் பந்து. ஒவ்வொன்று கிடைக்கும்போதும் எழுந்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன.

பார்த்தீனியத்தைப் பிள்ளைகளைத் தொடவிடவில்லை. அது சிலருக்குத் தோலில் அரிப்பும், மூச்சில் இழுப்பும் கொண்டுவரும். பெரியவர்கள்தான் கையுறை போட்டுப் பிடுங்கினோம். விவசாயம் பார்க்கும் ஓர் அப்பா, பூத்த செடியை உதறாமல் அப்படியே சாக்குக்குள் விடச் சொன்னார். ஒரே செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் விதை விழுமாம். “பூக்குறதுக்கு முன்னாடி, மண்ணு ஈரமா இருக்கறப்ப வேரோட இழுக்கணும். இப்ப நாம லேட்டு. அடுத்த மழைக்கு முளைக்கும், அப்ப வரணும்” என்றார். அடுத்த மழை என்று அவர் சொன்னதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஓரத்தில் ஒரு விரிசல் விட்ட சிமெண்ட் தொட்டி. அதன் அடியில் ஒரு சாண் தண்ணீர். சாரண ஆசிரியர் அதில் ஒரு கண்ணாடி டம்ளரை முக்கி எடுத்து வெயிலில் பிடித்தார். உள்ளே நூல் துண்டு மாதிரி புழுக்கள், தலைகீழாகத் தொங்குவதும், ஆள் நிழல் பட்டதும் சுருண்டு அடிக்குப் போவதுமாக இருந்தன. “எல்லாம் கொசுவாப் போறதுதான்” என்றார். முந்தின வருடம் டெங்குவில் பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த ஓர் அம்மா அந்த டம்ளரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு யாரும் சொல்லாமலே தொட்டியைக் கவிழ்த்து, தேங்காய் நாரைப் போட்டு உட்சுவரைத் தேய்க்க ஆரம்பித்தார். அதுதான் சரியான முறையும்கூட. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி முட்டையிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை காய்ந்து மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். மூடாத தொட்டி ஒன்று போதும், பத்து நாளுக்குள் ஒரு தலைமுறை பறந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். வேலை முடிந்ததும் ஒரு பொடியன் தன் நண்பனின் தாத்தாவிடம் போய் விறைப்பாக நின்று இடது கையை நீட்டிவிட்டான். தாத்தாவுக்கு வந்ததே கோபம்! “பெரியவங்ககிட்ட இடது கையை நீட்டச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்துல கத்துத்தர்றாங்களா?” என்று சத்தம் போட்டார். ஆப்பிரிக்காவில் ஆஷாந்தி வீரர்கள் கேடயம் பிடிக்கும் இடது கையை நீட்டுவார்களாம். கேடயத்தைக் கீழே வைத்துவிட்டேன், உன்னை நம்புகிறேன் என்று அர்த்தமாம். சாரணர்கள் சொல்லும் இந்தக் கதையைப் பையன்கள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்கள். தாத்தா கொஞ்சம் யோசித்தார். கையைக் கொடுத்தார், ஆனால் வலது கையை. சரி, பாதி வழி வந்தாரே.

இனி சண்டை.

மறுநாள் திங்கட்கிழமை. காலை வழிபாடு முடிந்த பிறகு ஒரு பையன் வந்தான். தாமதம். அவனை வகுப்புக்கு அனுப்பாமல், அதே முற்றத்துக்கு அனுப்பி வேப்பிலைச் சருகைப் பொறுக்கச் சொன்னார்கள். முந்தின நாள் தன் அம்மாவோடு ஆறரைக்கே வந்து, கூடை கூடையாகக் கல்லும் மண்ணும் சுமந்த பையன் அவன். அவன் அம்மா விடிவதற்குள் செங்கல் சூளைக்குப் போய்விடுவார். தண்ணீர் பிடித்து வைத்து, தங்கச்சிக்குத் தலை சீவிவிட்டுத்தான் அவன் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். அது அவனை அனுப்பியவர்களுக்குத் தெரிந்திருக்காது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சாயந்திரம் என் பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். “ம்மா, நேத்து நாம செஞ்சப்ப சேவைன்னாங்க. இன்னைக்கு அவன் செஞ்சா ஏம்மா தண்டனை?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களிடம் இருந்தால் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள், அவனையும் அழைத்து வருகிறேன்.

பிள்ளைகளைக் கூட்டவிட்டார்கள், கழிப்பறை கழுவவிட்டார்கள் என்று பேப்பரில் செய்தி வரும்போதெல்லாம் நமக்கு வயிறு எரிகிறது. எரிய வேண்டியதுதான். அந்த வேலைக்கு யாருடைய பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள், எந்தத் தெருப் பிள்ளையைக் கூப்பிடுவதே இல்லை என்பது எல்லா ஊரிலும் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சாரண ஆசிரியர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. வேலைகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார். கடைத்தெருவில் பெரிய மளிகைக்கடை வைத்திருப்பவருக்குக் குப்பைச் சாக்கு தூக்கும் சீட்டு வந்தது. தூக்கினார். கழிப்பறை எந்தச் சீட்டிலும் இல்லை. அதற்குத் தனி ஆள் வேண்டும், ஒழுங்கான சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளம் பல மாதம் நிலுவையில் கிடக்காமல் பார்த்துக்கொள்வது குழுவின் பொறுப்பு.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் முதல் முகாம் போட்டபோது கூட்டிப் போனது சுமார் இருபது பையன்கள். பெரிய இடத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளையும் கலந்துதான் அழைத்துப் போனார். இதே இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது, முதலில் வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் சாரணர் படை வேண்டும் என்று சென்னையில் தனியாகத் தொடங்கியவர் அன்னி பெசன்ட். பல சங்கங்களாகப் பிரிந்து கிடந்தவை கூடி 1950 நவம்பர் 7-ஆம் தேதி பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆனது. யார் உள்ளே, யார் வெளியே என்று சண்டை போட்டு வந்த ஸ்கார்ஃப் அது. நான் தைத்துக் கொடுத்த ஸ்கார்ஃப் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்: அதைக் கட்டிய பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும் விளக்குமாறு, கட்டாத பிள்ளைக்குத் திங்கட்கிழமை தண்டனை ஆகக் கூடாது.

அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் அதே விளக்குமாற்றைப் பிடித்திருந்தபோது எந்தப் பிள்ளைக்கும் அது கேவலமாகத் தெரியவில்லை. என் மூன்றாம் வகுப்புக்காரி சாரணியர் படையில் சேர இன்னும் வயது ஆகவில்லை. அவள்தான் எல்லோரையும்விட அதிகம் ஆர்ப்பாட்டம் செய்தாள். தனியாக நிறுத்தி, மற்ற பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்க்கச் செய்தால் அதே வேலை வேறு வேலையாகிவிடுகிறது. தாமதமாக வந்தால் பேசுங்கள், வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள், எங்களைக் கூப்பிடுங்கள். கூட்டுவது, பொறுக்குவது, தண்ணீர் சுமப்பது எதுவும் இந்தப் பள்ளியில் தண்டனை இல்லை என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தானே, எழுதுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

அடுத்து, அந்தக் குப்பை. நாங்கள் வாசலோரம் கட்டி வைத்த சாக்குகள் பத்தொன்பது நாள் அங்கேயே கிடந்தன. ஆடு மேய்ந்தது போக, நாய் இழுத்தது போக, மிச்சத்தில் யாரோ தீ வைத்தார்கள். பிளாஸ்டிக் புகை சத்துணவு நேரத்தில் ஒன்றாம் வகுப்புக்குள் போனது. ஊராட்சியைக் குறை சொல்லத் தோன்றியது. விசாரித்தால், வண்டி வேண்டும் என்று யாரும் ஒரு வரி எழுதிக் கொடுக்கவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, என் மேலும் தப்பு இருக்கிறது. அடுத்த தடவை ஒரு வாரம் முன்னாலேயே குழுவின் பெயரில் கடிதம் கொடுங்கள். வேப்பிலைச் சருகை எங்கேயும் அனுப்ப வேண்டாம். மூலையில் குழி வெட்டிப் போட்டால் உரம். சுற்றிலும் மூங்கில் வேலி கட்டித் தருவதாகப் பையன்கள் சொல்கிறார்கள். முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு, கட்ட எதுவும் கிடைக்காமல் வீட்டில் என் தையல் மெஷினையே கட்டி வைத்திருக்கிறான் என்னுடையவன்.

அடுத்த மழை என்றாரே அந்த அப்பா, அந்த மழை இப்போது வந்துவிட்டது. பார்த்தீனியம் விரல் உயரத்துக்கு முளைத்திருப்பதை நேற்று கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தேன். பூக்க இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. கையால் பிடுங்கினாலே வந்துவிடும், ஒரு மணி நேர வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை அந்த முற்றத்தை எங்களுக்குத் திறந்து வையுங்கள். பேனர் வேண்டாம், யாரும் வந்து தொடங்கி வைக்க வேண்டாம். மண்வெட்டி, கூடை, கையுறை எங்களிடம் இருக்கிறது. பின்வாசல் சாவிதான் உங்களிடம் இருக்கிறது. அதை ஞாயிற்றுக்கிழமை யாரிடம் வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்புச் சாரணன் ஒருவனின் அம்மா

பி.கு.: அந்த ஏழு பந்தும் தலைமையாசிரியர் அறை பீரோவுக்கு மேலே இருப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். கொடுத்துவிடுங்கள் சார்.