அவள் ஏன் அந்தப் போனை எடுக்கிறாள்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய டிவி தொடர் கதையை முழுக்கப் படித்துவிட்டேன். கும்பகோணத்துப் பக்கம் ஒரு பழைய வீடு, புதிதாகக் கல்யாணமான பெண், ராத்திரியானால் பேர் சொல்லாத ஒருத்தனிடமிருந்து போன். "எப்படி இருக்கு அத்தை, உண்மையைச் சொல்லணும்" என்று கேட்டிருந்தாய். டெலிபோன்ஸில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனவளிடம் போன் கதையைக் கொடுத்துவிட்டு இப்படி வேறு கேட்கிறாயே! சரி, சொல்கிறேன். இந்த மாதிரிக் கதை எழுதுகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கிறபடி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

கடைசியில் புருஷன்தான் வில்லன் என்று முடித்திருக்கிறாய். நம் ஜனங்கள் இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிடுவார்கள். 1943-ல் அமெரிக்க வானொலியில் ஒரு நாடகம் வந்தது. படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத ஒரு பெண், லைன் மாறி விழுந்து, இரண்டு பேர் ஒரு கொலைக்குத் திட்டம் போடுவதைக் கேட்டுவிடுகிறாள். கொல்லப்போவது தன்னைத்தான் என்பது கடைசியில்தான் அவளுக்குப் புரிகிறது. 1948-ல் அதைப் படமாக எடுத்தபோது ஆளை ஏவியது புருஷன். 1960-ல் லண்டனில் நடக்கிறதாக இன்னொரு படம்: மிரட்டல் போன், யாரும் நம்பாத மனைவி, பின்னாலிருந்து ஆட்டிவைப்பது அதே புருஷன். 1981-ல் அதையே டிவிக்கும் எடுத்தார்கள். ஆக, அந்த ரகசியம் உன் அப்பா பிறப்பதற்கு முன்னாலேயே வெளியாகிவிட்டது. (அந்த வானொலி நாடகத்தில் வரும் ஆப்பரேட்டர்கள் ஈவு இரக்கமில்லாமல் பேசுவார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.)

வில்லன் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். என் கேள்வி வேறு. உன் நாயகி ஏன் ஒவ்வொரு தடவையும் போனை எடுக்கிறாள்? தெரியாத நம்பர் என்றால் எடுக்காமல் விடலாம். பிளாக் பண்ணலாம். ராத்திரியில் அணைத்தே வைக்கலாம். இன்றைக்குப் பத்தாவது படிக்கிற பிள்ளை கூட டிவி முன்னால் உட்கார்ந்து, "பிளாக் பண்ணுக்கா" என்று கத்தும். நீ அதற்குப் பதிலே வைக்கவில்லை. பயந்துபோய் எடுக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். பயந்தவள் எடுக்கவா செய்வாள்?

பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. மன்னார்குடி, நீடாமங்கலம், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் போனாலும், தெருவுக்கு நாலு வீட்டில் ஆம்பளை வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். உன் கதையில் புருஷனைச் சென்னையில் ஐ.டி. வேலையில் வைத்திருக்கிறாய். அவனைத் துபாய்க்கு அனுப்பு. அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், குரல் அழைப்பு போகாது. அதனால் ஏதேதோ ஆப், ஏதேதோ கார்டு போட்டு நெட் கால் பண்ணுவார்கள். அது வந்து சேரும்போது அவன் நம்பர் காட்டாது. ஒரு நாள் 'பிரைவேட் நம்பர்' என்று வரும், இன்னொரு நாள் கேள்விப்படாத நாட்டின் நம்பர், மற்றொரு நாள் பக்கத்து ஊர் நம்பர் மாதிரியே ஒன்று. அவன் ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, கூட இருப்பவர்கள் தூங்கியபின் கூப்பிட்டால் நமக்கு நடு ராத்திரி. துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம்.

இப்போது சொல், அவளால் எடுக்காமல் இருக்க முடியுமா? எடுக்காவிட்டால் "இந்த நேரத்துல போனை எடுக்காம எங்க போன?" என்பான் புருஷன். எடுத்தால் அந்தப் பேர் சொல்லாதவன். தெரியாத நம்பரை எடுத்தே தீரவேண்டிய ஒரு பெண்ணை நீ நாற்காலியில் கட்டிப்போட வேண்டியதில்லை.

இன்னொன்றும் கிடைக்கும். நெட் காலில் பேச்சு கொஞ்சம் தாமதமாகத்தான் போகும். இவள் "ஹலோ" என்றால் அது அங்கே போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வர ஒரு வினாடி, சில நாள் இரண்டு வினாடி. அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இது பழக்கம். "ஹலோ" சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள், இல்லாவிட்டால் இரண்டு பேச்சும் மோதிக்கொள்ளும். அந்த இரண்டு வினாடியில் உன் நாயகிக்கு அந்தப் பக்கம் இருப்பது புருஷனா அவனா என்று தெரியாது. "என்னம்மா, சாப்ட்டியா?" என்று வருமா, வேறு ஒன்று வருமா? காமிராவை அவள் முகத்திலேயே வை. பின்னணி இசையே போடாதே. ஒவ்வொரு எபிசோடிலும் இதே இரண்டு வினாடி வரட்டும், ஜனங்களே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

உன் போலீஸ் காட்சிக்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர், "இன்னும் ரெண்டு நிமிஷம் பேச்சு கொடும்மா, டிரேஸ் பண்ணிடலாம்" என்கிறார். பாப்பா, அது என் காலத்துக் கதை. நான் சேர்ந்தபோது ஸ்ட்ரோஜர் என்கிற பழைய இயந்திர எக்ஸ்சேஞ்ச். ஹால் நிறைய இரும்பு ராக், ஒவ்வொரு நம்பரைச் சுற்றும்போதும் லைனை இணைக்கிற செலக்டர்கள் கடகடவென்று ஏறித் திரும்பும். நச்சரிப்பு போன் என்று புகார் வந்தால், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே டெக்னீஷியன் கடைசி செலக்டரில் ஆரம்பித்து ஒயரைப் பிடித்துக்கொண்டு ராக் ராக்காகப் பின்னோக்கி ஓட வேண்டும். கூப்பிட்டவன் அங்கே ரிசீவரை வைத்துவிட்டால் எல்லா செலக்டரும் விழுந்துவிடும், வந்த வழி போய்விடும். அதனால்தான் பேச்சை வளர்க்கச் சொல்வார்கள். எங்கள் டெக்னீஷியன் ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பாதி ஹால் போவதற்குள் லைன் விழுந்துவிட்டால், எங்களுக்கு இருக்கிற கோபத்தை விட அவருக்குத்தான் அதிகம் கோபம் வரும். அப்புறம் கிராமத்துக்கெல்லாம் சி-டாட் என்கிற சின்ன எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது, ஓட்டமும் நின்றது. இன்றைக்கு நீ ஒரு வினாடி பேசினாலும், பேசாமல் வைத்தாலும், கம்பெனியின் கணக்கில் அது பதிவாகியிருக்கும். போலீஸ் எழுதிக் கேட்டால் வரும். அதிலும் நெட் கால் என்றால் காட்டுகிற நம்பர் ஒன்று, வந்த இடம் வேறு. உன் இன்ஸ்பெக்டரின் தலைவலி அங்கேதான் ஆரம்பமாகணும்.

போலீஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வாயில் "ஐ.பி.சி. 507" என்று வைத்திருக்கிறாய். பேர் மறைத்து மிரட்டுவதற்கு அந்தப் பிரிவு சரிதான், ஆனால் 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடக்கிற கதை என்றால்தான். அதற்குப் பிறகு, ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 351(4). பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கு 78. தமிழ்நாட்டுக்கு என்று 1998-ல் ஒரு தனிச் சட்டமும் இருக்கிறது, சென்னையில் ஒரு கல்லூரி மாணவி செத்துப்போன பிறகு கொண்டுவந்தது. இதையெல்லாம் வசனமாக ஒப்பிக்க வேண்டாம். மகளிர் ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள் பார், அந்தச் சின்னத் தாளை அவள் கையில் கொடு. அதை வீட்டில் எங்கே ஒளித்து வைப்பது என்பதே ஒரு எபிசோடு.

ஏனென்றால் அவளால் வீட்டில் சொல்ல முடியாது. இதைத்தான் நீ விட்டுவிட்டாய். உன் கதையில் அவள் சொல்கிறாள், யாரும் நம்பவில்லை. லண்டனில் அப்படி நடக்கலாம். நம்ம ஊரில் உடனே நம்புவார்கள். அதுதான் ஆபத்து. "உன் நம்பர் அவனுக்கு எப்படிக் கெடச்சுது?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அடுத்தது, "நீ என்ன பேசின?" மூன்றாவது நாள் போன் மாமனார் சட்டைப் பையில் இருக்கும். நாலாவது நாள் விஷயம் துபாய்க்குப் போய்விடும், அதுவும் சித்தப்பா பெரியப்பா வாய் வழியாக, கை கால் முளைத்து. அந்தப் பெண்ணுக்கு முகம் தெரியாதவன் மேல் இருக்கிற பயத்தை விட, கூடத்தில் உட்கார்ந்து காபி குடிப்பவர்கள் மேல் இருக்கிற பயம் பெரிது. அவன் அதைத் தெரிந்துகொண்டுதான் கூப்பிடுகிறான். உன் அந்தக் கரகரப்புக் குரல், "நான் உன்னைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்" வசனம் எல்லாம் வேண்டாம். "உங்க மாமியார்கிட்ட சொல்லட்டுமா?" என்று சாதாரணக் குரலில் கேட்கட்டும். போதும்.

சந்தேக ஆட்கள் பட்டியலும் உனக்கு அந்த முதல் கேள்வியிலேயே இருக்கிறது. அவள் நம்பர் யாரிடமெல்லாம் இருக்கிறது? ரீசார்ஜ் கடை நோட்டு, சிலிண்டர் போடுகிறவர், மகளிர் குழு வாட்ஸ்அப், ரேஷன் கடை, பள்ளிக்கூட வேன் டிரைவர், கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ணிப் போன கமிட்டிக்காரர்கள். ரசீதில் நம்பர் எழுதச் சொன்னார்களே! இத்தனை பேரும் பகலில் "என்னம்மா, நல்லா இருக்கீங்களா" என்று சிரிக்கிற மனிதர்கள். முகமூடிக்காரன் எதற்கு?

நடுவில் ஒரு இடத்தில் ஜனங்களை ஏமாற்ற வேண்டும் என்றால் ஒரு யோசனை. வயலில் பம்ப்செட் மோட்டாருக்கு இப்போது செல்போன் ஸ்டார்ட்டர் வைக்கிறார்கள், தெரியுமா? அதற்குள் ஒரு சிம் இருக்கும். வீட்டிலிருந்தே கூப்பிட்டு மோட்டாரைப் போடலாம், அணைக்கலாம். கரண்டு வந்தாலோ நின்றாலோ அதுவே நம்மைக் கூப்பிட்டுப் பதிவுசெய்த குரலில் சொல்லும். புருஷன் ஊருக்கு வந்தபோது ஸ்டார்ட்டரில் இவள் நம்பரைப் போட்டுவிட்டு, சொல்ல மறந்து விமானம் ஏறிவிட்டான் என்று வை. ராத்திரி இரண்டு மணிக்குத் தெரியாத நம்பர், உயிரில்லாத ஒரு குரல். அவள் முதல் வார்த்தையிலேயே அலறி அணைத்துவிடுகிறாள். ஒரு வாரம் கழித்துக் கொழுந்தன், "அண்ணி, மோட்டார் உங்களத்தான் கூப்பிடுதாம்" என்று சிரித்துக்கொண்டே வருகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி திரும்ப போன் வருகிறது, அவளும் மோட்டார்தான் என்று தைரியமாக எடுக்கிறாள்.

இதையே நீ 2018-ல் நடக்கிறதாகவும் வைக்கலாம், இன்ஸ்பெக்டரின் 507-ம் பிழைத்துப்போகும். நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னை மரமெல்லாம் சாய்ந்து, கரண்டு கம்பம் ஒடிந்து, டவர் செத்து, மன்னார்குடி பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் நாள் கணக்கில் போன் இல்லை. ஊரே சிக்னல் தேடி அலைகிறது, இவள் ஒருத்தி மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறாள். அப்புறம் அவளுக்கே உறைக்கிறது, துபாயில் இருப்பவன் டிவியில் புயலைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் துடித்துக்கொண்டிருப்பான் என்று. ஜெனரேட்டர் வைத்து சார்ஜ் போடுகிற கடை வாசலில், காசு கொடுத்து, எல்லோரும் நிற்கிற வரிசையில் அவளும் நிற்கிறாள். போனுக்கு உயிர் வந்து சிக்னலும் வந்ததும், அத்தனை பேர் நடுவில், முதல் கால் யாருடையது? நீயே முடிவு பண்ணு.

கடைசியாக அந்த மாமியார். அவரை வாசலில் உட்கார்ந்து உறுமுகிறவராக மட்டும் வைத்திருக்கிறாய். அந்த வயதுப் பெண்களை நீ சரியாகப் பார்க்கவில்லை. அவர் புருஷன் தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் இருந்தார் என்று வை. ரேழியில் லேண்ட்லைன், பூட்டு போட்ட போன். அப்போது வெளிநாட்டுக் கால் சாட்டிலைட் வழியாக வந்தால் அதிலும் இதே மாதிரி கொஞ்சம் தாமதம் உண்டு. எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு நேரில் வந்து, "யாருன்னு கண்டுபிடிக்க வேணாம்மா, நம்பரை மட்டும் மாத்திக் குடுங்க, வீட்டுல லைன் ரிப்பேருன்னு சொல்லிடுங்க" என்று கேட்ட பெண்கள் இருந்தார்கள். எழுதித் தரமாட்டார்கள். தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருத்தியாக இந்த மாமியாரை வை. மருமகள் "ஹலோ" என்று சொல்லிவிட்டு நிறுத்துகிற அந்த நிறுத்தத்தில், புருஷனுக்காகக் காத்திருப்பது எது, பயந்து நிற்பது எது என்று அந்த வீட்டில் அவருக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். பத்தாவது எபிசோடு வரை அவரை எல்லோரும் சந்தேகப்படட்டும். பதினோராவதில் எழுந்து வந்து, "குடு அந்தப் போனை" என்று கை நீட்டட்டும். எடுத்து அவனிடம் என்ன பேசுகிறார் என்பதை நான் சொல்லமாட்டேன், அது உன் சம்பளம்.

அண்ணனையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல்.

உன் அத்தை.

பி.கு.: சித்திரை மாதம் பிணத்தை அரசலாற்று வெள்ளத்தில் தள்ளுவதாக எழுதியிருக்கிறாய். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். சித்திரையில் ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒன்று மாதத்தை மாற்று, இல்லை பிணத்தை மாற்று.