கான்ஃபெடரேஷன் கோப்பையின் வரலாற்றை எழுதும் தம்பிக்கு

அன்புள்ள கவின்,

ஆப்பிரிக்கக் கால்பந்து அணிகள் ஆடும் கான்ஃபெடரேஷன் கோப்பையைப் பற்றிய உன் வரைவைப் படித்தேன். "ஆப்பிரிக்காவின் இரண்டாம் தரக் கோப்பை" என்று தொடங்கி, 2004 முதல் வென்ற அணிகளை வரிசையாக அடுக்கியிருக்கிறாய். வரிசையில் பிழை இல்லை. ஆனால் அதை மட்டும் படிக்கிறவருக்கு, மொராக்கோ அணிகள் எட்டு முறை வென்றது எப்படி என்று புரியாது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் டி.பி. மஸெம்பே, கண்டத்தின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் தோற்று வெளியேறிய அதே ஆண்டில் இந்தக் கோப்பையைத் தூக்கியது எப்படி என்றும் புரியாது. இந்தப் போட்டிக்குள் எந்த வாசல் யாருக்குத் திறந்தது என்பதில்தான் பாதி வரலாறு இருக்கிறது. ஆகவே வென்றவர் பட்டியலைப் பின்னால் தள்ளிவிட்டு நுழைவு விதியை முதலில் எழுது.

2004-இல் தொடங்காதே. அந்த ஆண்டு பிறந்த போட்டிக்கு இரண்டு பெற்றோர். மூத்தது கோப்பை வென்றோர் கோப்பை. ஒவ்வொரு நாட்டிலும் நாக்-அவுட் கோப்பையை வென்ற அணி அதில் ஆடும். 1975-இல் முதல் பட்டம் கேமரூனின் டொன்னேர் யாவுண்டேக்குப் போனது. அடுத்த ஆண்டு நைஜீரியாவின் ஷூட்டிங் ஸ்டார்ஸ். 1981 வரை சஹாராவுக்குத் தெற்கே உள்ள அணிகளே வென்றன. பிறகு 1982 முதல் 1986 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து எகிப்து: முதல் இரண்டு அல் மொகாவ்லூனுக்கு, அடுத்த மூன்று அல் அஹ்லிக்கு. அந்தத் தொடரை 1987-இல் முறித்தது நைரோபியின் கோர் மாஹியா. துனிசியாவின் எஸ்பெரான்ஸுடன் டூனிஸில் 2-2, நைரோபியில் 1-1; மொத்தம் சமமானதால், வெளியூரில் அதிக கோல் அடித்த கணக்கில் கோப்பை. கென்யர்கள் இதை 'மண்டேலா கோப்பை' என்றே சொல்வார்கள். பழைய செய்திகளில் அந்தப் பெயரைப் பார்த்து வேறொரு போட்டி என்று எண்ணிவிடாதே.

இளையது காஃப் (ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு) கோப்பை, 1992-இல் வந்தது. லீகில் இரண்டாம் இடம் பிடித்த அணிகளுக்கானது. கோப்பையைக் கொடுத்தவர் நைஜீரியச் செல்வந்தர் மோஷூத் அபியோலா. அது அவர் பெயரையே தாங்கியது. முதல் ஆண்டில் இபாடானின் ஷூட்டிங் ஸ்டார்ஸ், உகாண்டாவின் வில்லா அணியை 0-0, 3-0 என்று வென்றது. அடுத்த ஆண்டு ஜூன் 12-இல் நடந்த, அபியோலா போட்டியிட்ட அதிபர் தேர்தலை ராணுவ அரசு ரத்து செய்தது. 1994-இல் சிறைக்குப் போனவர் 1998-இல் காவலிலேயே இறந்தார். இந்தக் கோப்பையைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நீ இரண்டு பத்தி கொடு. அல்ஜீரியாவின் ஜே.எஸ். கபிலி 2000, 2001, 2002 என மூன்று முறை தொடர்ந்து வென்றதையும் அப்படிக் கடக்காதே. 2001-இல் தன் சொந்தப் பகுதியான கபிலியாவின் வீதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த கொந்தளிப்பின் நடுவே ஆடிய அணி அது.

இரண்டும் ஏன் ஒன்றாயின? 2004-இல் ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு தரவரிசையில் முதல் 12 நாடுகளுக்கு சாம்பியன்ஸ் லீகில் இரண்டாவதாக ஓர் அணியையும் அனுப்ப இடம் கொடுத்தது. அதாவது பெரிய கால்பந்து நாடுகளின் லீக் இரண்டாமிடத்தார் மேலே போய்விட்டார்கள். அவர்களுக்காகவே நடந்த காஃப் கோப்பையில் பிறகு என்ன மிஞ்சும்? மிஞ்சியதைக் கோப்பை வென்றோர் கோப்பையோடு சேர்த்து கான்ஃபெடரேஷன் கோப்பை ஆக்கினார்கள். அதிலிருந்து முதல் 12 நாடுகளுக்கு மேலே இரண்டு, இங்கே இரண்டு என நான்கு இடங்கள். மற்ற நாடுகளுக்கு ஒன்றும் ஒன்றும்.

இதில் ஒரு எச்சரிக்கை. மூன்று போட்டிகளின் பட்டங்களையும் ஒரே எண்ணாகக் கூட்டாதே. துனிசியாவின் எத்வால் து சாஹேலுக்கு 'ஆறு கான்ஃபெடரேஷன் கோப்பை' என்று எழுதினால் தவறு. காஃப் கோப்பை 1995, 1999. கோப்பை வென்றோர் கோப்பை 1997, 2003. கான்ஃபெடரேஷன் கோப்பை 2006, 2015. அட்டவணையில் மூன்று தனி நெடுவரிசைகள்.

அடுத்தது, பலரும் தவறவிடுகிற வாசல். சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்கு முந்தைய கட்டத்தில் தோற்ற அணிகள் வீட்டுக்குப் போகவில்லை. இங்கே ஒரு இடைச்சுற்றில் இறங்கி, கீழிருந்து ஏறிவந்த அணிகளோடு மோதின. 2014-இல் அல் அஹ்லி அப்படித்தான் வந்தது. லிபியாவின் பெங்காசி அஹ்லியிடம் மேலே தோற்று, இங்கே இறுதியில் ஐவரி கோஸ்ட்டின் செவே ஸ்போர்ட்டை எமாத் மோத்தாப் 90 நிமிடத்துக்குப் பின் சேர்த்த இழப்பு நேரத்தில், 96-ஆம் நிமிடத்தில் அடித்த கோலால் வென்றது. மஸெம்பே 2016-இல் மொராக்கோவின் வைதாதிடமும் 2017-இல் ஜிம்பாப்வேயின் கேப்ஸ் யுனைடெட்டிடமும் மேலே தோற்றது. இரண்டு ஆண்டும் இங்கே சாம்பியன். 2020-21-இல் ராஜா காசாபிளாங்கா, செனகலின் டெங்கேத்திடம் பெனால்டியில் விழுந்து இறங்கி வந்து பட்டம் வாங்கியது. 2022-23-இல் இறுதிவரை போன தான்சானியாவின் யங் ஆப்பிரிக்கன்ஸும் இதே வழியில் வந்ததுதான். அடுத்த பருவத்திலிருந்து இந்த வழியை மூடிவிட்டார்கள். எனவே உன் அட்டவணையில் 'நேரடி நுழைவு / மேலிருந்து இறங்கியது' என்று ஒரு நெடுவரிசை சேர். அது இல்லாத பட்டியலில், முதல் சுற்றிலிருந்து ஏறிவந்த சின்ன அணியின் உழைப்பும் பெரிய அணியின் இரண்டாவது வாய்ப்பும் ஒன்றுபோலவே தெரியும்.

தரவரிசைக் கணக்கையும் விளக்கு. இங்கே பட்டம் வென்றால் 5 புள்ளி, இறுதியில் தோற்றால் 4, அரையிறுதி 3, காலிறுதி 2, குழுவில் மூன்றாமிடம் 1, நான்காமிடம் 0.5. சாம்பியன்ஸ் லீகில் ஒவ்வொரு படிக்கும் இதைவிடக் கூட, வென்றவருக்கு 6. ஐந்து பருவங்களைச் சேர்த்துக் கூட்டுவார்கள். கடைசிப் பருவத்தை 5-ஆலும் அதற்கு முந்தையதை 4-ஆலும் பெருக்கி, இப்படியே 1 வரை. ஆகவே இங்கே இறுதிக்கு வந்த ஓர் அணி அந்த ஆண்டு தன் நாட்டுக்கு 20 புள்ளி சேர்க்கும். அது மறு ஆண்டு 16, பிறகு 12, 8, 4. இந்தக் கோப்பையில் ஓரணி நன்றாக ஆடினால் அதன் நாட்டில் வேறொரு அணிக்குக் கண்டப் போட்டியில் இடம் கிடைக்கும். தான்சானியா முதல் 12-க்குள் ஏறியதை விளக்க இந்தக் கணக்கு போதும்.

இனி, தேதிகளிலும் கோல்களிலும் வழுக்குகிற இடங்கள். 2004 பட்டம் முடிவானது 2005 ஜனவரியில். கானாவின் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக், அசான்டே கொட்டோகோ: இரண்டு ஆட்டமும் 1-1, பெனால்டியில் ஹார்ட்ஸுக்கு 8-7. முதல் இறுதியே ஒரே நாட்டின் இரு பரம எதிரிகளுக்கு இடையில், அதுவும் கொட்டோகோவின் சொந்த ஊரான குமாசியில் முடிந்தது. 2018-ஐயும் 2018-19-ஐயும் ஒன்றாக்கிவிடாதே. ஆண்டு முழுதும் ஆடிவந்த அட்டவணையை ஆகஸ்ட்-மே ஒழுங்குக்கு மாற்றிய நேரம் அது. 2018 பட்டம் டிசம்பரில் ராஜாவுக்கு, 2018-19 பட்டம் மே மாதம் எகிப்தின் ஜமாலெக்குக்கு. 2020 முதல் 2022 வரையிலான மூன்று இறுதிகள் ஒற்றை ஆட்டம்: மொராக்கோவின் ரபாத், பெனினின் கொட்டோனூ, நைஜீரியாவின் ஊயோ. பிறகு மீண்டும் இரண்டு ஆட்டம்.

வெளியூர் கோல் விதியை ஐரோப்பா 2021-இல் கைவிட்டது, ஆப்பிரிக்கா கைவிடவில்லை. 2006, 2008, 2014, 2023, 2024 ஆகிய ஐந்து இறுதிகள் அந்த விதியால் முடிந்தன. 2023-இல் யு.எஸ்.எம். அல்ஜேர் தார் எஸ் சலாமில் 2-1 என்று வென்று, சொந்த ஊரில் 0-1 என்று தோற்றும் சாம்பியன் ஆனது. அல்ஜீரியாவுக்கு இந்தக் கோப்பை அதுவே முதல் முறை. '2-2' என்று மட்டும் எழுதினால் வாசகர் பெனால்டி என்று நினைப்பார். பெனால்டியில் முடிந்தவை 2004, 2009, 2011, 2019, 2022. ஆக, 2025 வரையிலான 22 இறுதிகளில் பத்து சமநிலையில் நின்றவை.

2024 அரையிறுதியில் மொராக்கோவின் பெர்கானேவுக்கு, யு.எஸ்.எம். அல்ஜேருக்கு எதிராக '3-0' என்று பார்ப்பாய். அந்த ஆட்டம் ஆடப்படவே இல்லை. மேற்கு சஹாராவையும் சேர்த்து மொராக்கோவின் வரைபடம் அச்சிட்ட சட்டைகளை அல்ஜேர் விமான நிலையத்தில் பிடித்துவைத்தார்கள். அந்தச் சட்டை இல்லாமல் இறங்க மாட்டோம் என்றது பெர்கானே. கூட்டமைப்பு 3-0 என்று தீர்ப்பளித்தது. ஒரு வாரம் கழித்து பெர்கானேயில் அல்ஜேர் அணி ஆட மறுத்தது. இதை எழுதும்போது எந்தப் பக்கமும் சாயாமல் 'ஆடப்படவில்லை, வழங்கப்பட்டது' என்று குறி.

பெயர்களில் ரபாத் உன்னைக் குழப்பும். 2005-இல் வென்றது ராணுவத்தின் எஃப்.ஏ.ஆர்.; 2010-இல் வென்றது எஃப்.யு.எஸ். இரண்டும் ஒரே ஊர், வெவ்வேறு அணி.

'இரண்டாம் தரம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். இரு கோப்பைகளின் சாம்பியன்களும் மோதுவது சூப்பர் கோப்பை. 2019 முதல் 2024 வரை நடந்த ஏழு சூப்பர் கோப்பைகளில் நான்கை வென்றது இங்கிருந்து போன அணி. 2023-இல் பரிசுத்தொகையோ மேலே 40 லட்சம் டாலர், இங்கே 20 லட்சம். பணத்தில் பாதி என்று எழுது, ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தில் பாதி என்று எழுதாதே.

இந்தக் கோப்பை யாருடைய கைக்குப் போயிருக்கிறது என்று பார். 22-இல் 17 வட ஆப்பிரிக்காவுக்கு: மொராக்கோ 8, துனிசியா 5, எகிப்து 3, அல்ஜீரியா 1. மீதி ஐந்தில் மஸெம்பேக்கு இரண்டு, ஹார்ட்ஸுக்கு ஒன்று. 2009-இல் மாலியின் ஸ்டாட் மாலியன், அல்ஜீரியாவின் செத்தீஃபில் 0-2 என்று தோற்று, பமாகோவில் 2-0 அடித்து, பெனால்டியில் 3-2 என்று வென்றது. 1965-லேயே கண்டக் கோப்பை இறுதியில் தோற்ற அணி அது. மாலிக்கு முதல் கோப்பை வர 44 ஆண்டுகள் ஆயின. 2012-இல் காங்கோ குடியரசின் டொலிஸி என்ற சிறு நகரத்து லெப்பார்ட்ஸ், மாலியின் ஜொலிபாவை 2-2, 2-1 என்று வீழ்த்தியது. பிரஸாவில்லின் காரா 1974-இல் வென்றதற்குப் பிறகு அந்த நாட்டுக்கு வந்த முதல் கண்டப் பட்டம் அது. வடக்கிலும் தலைநகரங்களே எல்லாம் கொண்டுபோகவில்லை. மூன்று பட்டங்களுடன் முதலிடத்தைப் பகிர்வது துறைமுக நகரமான ஸ்ஃபாக்ஸும், ஆரஞ்சுத் தோட்டங்களின் ஊரான பெர்கானேயும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், தம்பி. தோற்ற இறுதி அணிகளுக்கும் இடம் ஒதுக்கு. 1993-இல் காஃப் கோப்பை இறுதியில் தார் எஸ் சலாமின் சிம்பா, அபிஜானில் 0-0 என்று தாக்குப்பிடித்துத் திரும்பி, சொந்த மைதானத்தில் ஐவரி கோஸ்ட்டின் ஸ்டெல்லாவிடம் 0-2 என்று தோற்றது. அடுத்த இறுதிக்கு 32 ஆண்டுகள். 2025 மே மாதம் பெர்கானேயில் 0-2. இரண்டாம் ஆட்டத்துக்கு 60,000 பேர் அமரும் மைதானம் கிடைக்காமல் சான்சிபாரின் சிறிய அமான் மைதானத்துக்கு மாற்றப்பட்டார்கள். ஜோஷுவா முட்டாலே கோல் அடித்தார். பெர்கானே ஒன்றைத் திருப்பி அடித்து 1-1. உன் வரைவில் அந்த ஆண்டுக்கு எதிரே 'பெர்கானே' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. பக்கத்தில் சிம்பாவையும் எழுது, ஆட்டம் நடந்த ஊரையும் எழுது.

அன்புடன்,
அண்ணன்