டக்-அவுட்டில் ஆளை மாற்றும் முன்: மேஜர் லீக் அணி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வட அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளை நடத்தும் உரிமையாளர்களுக்கும், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜெனரல் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

2025 மே மாதத்தில் பத்தே நாளில் மூன்று மேனேஜர்கள், அதாவது டக்-அவுட் எனும் அணி இருக்கையில் இருந்து ஆட்டத்தை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர்கள், வேலை இழந்தார்கள். 8ஆம் தேதி பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் டெரெக் ஷெல்டன். அப்போது அணியின் கணக்கு 12 வெற்றி, 26 தோல்வி. 11ஆம் தேதி கொலராடோ ராக்கீஸின் பட் பிளாக்; 7 வெற்றி, 33 தோல்வி. 17ஆம் தேதி பால்டிமோர் ஓரியோல்ஸின் பிராண்டன் ஹைட். 15 வெற்றி, 28 தோல்வி. இந்த ஹைட் 2023இல் 101 ஆட்டம் ஜெயித்து, இரண்டு லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் என்று விருது வாங்கியவர். ஜூலை 6ஆம் தேதி வாஷிங்டன் நேஷனல்ஸ், 2019இல் உலகத் தொடரை, அதாவது சாம்பியன் பட்டத்தை, வென்று தந்த டேவி மார்டினெஸையும் ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸோவையும் ஒரே நாளில் அனுப்பியது.

நடு சீசனில் மேனேஜரை நீக்கவே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சில நேரம் அது தேவைதான். எங்கள் மனக்குறை இரண்டு. தவறான கணக்கைப் பார்த்து முடிவெடுக்கிறீர்கள். முடிவெடுத்த பிறகு, மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஓர் ஆட்டம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறீர்கள்.

முதலில் கணக்கு. பாதிக்குப் பாதி ஜெயிக்கும் தரமுள்ள அணி 50 ஆட்டம் ஆடினால் 25 வெற்றி எதிர்பார்ப்போம். ஆனால் அதிர்ஷ்டம் மட்டுமே அந்த எண்ணை மூன்றரை ஆட்டம் மேலே தூக்கும் அல்லது கீழே இறக்கும். 50ஐ 4ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது அந்த மூன்றரைதான். அதாவது, அப்படிப்பட்ட ஆறு அணிகளில் ஒன்று, யார் மீதும் தப்பில்லாமலே, 21 வெற்றி 29 தோல்வி என்றோ அதற்கும் கீழாகவோ நிற்கும். 2022 ஜூன் 3ஆம் தேதி ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் ஜோ ஜிரார்டியை நீக்கியபோது அணி 22-29, அதாவது 22 வெற்றி, 29 தோல்வி. ஏறக்குறைய அதே இடம்.

அதனால் வெற்றி தோல்விப் பட்டியலை மூடிவைத்துவிட்டு ரன்களைப் பாருங்கள். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் சொல்லிக்கொடுத்த சூத்திரம் உங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், விட்ட ரன் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 50 ஆட்டத்தில் 220 ரன் எடுத்து 240 விட்டிருந்தால் 48,400ஐ 1,06,000ஆல் வகுக்கிறோம், 0.457 வருகிறது, அதாவது 23 வெற்றி. கையில் இருப்பது 18தான் என்றால் ஐந்து ஆட்டம் எங்கே போயிற்று என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரு ரன் வித்தியாசத்தில் நழுவிய ஆட்டங்களில்தான் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு பந்து வீசியவர் அங்கே வீசியிருக்க வேண்டியவர்தானா? புல்பென்னில், அதாவது மாற்றுப் பந்துவீச்சாளர்கள் காத்திருக்கும் இடத்தில், அவரைவிட நல்லவர் களைப்பில்லாமல் உட்கார்ந்திருந்தால் அது மேனேஜரின் தப்பு. அவரைவிட நல்லவரே அணியில் இல்லையென்றால், அந்தப் புல்பென்னைக் கட்டியது நீங்கள். 26 பேர் பட்டியலில் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டர்கள் ஐந்து பேர் போனால் மிச்சம், நடுவில் வந்து வீசும் எட்டு ரிலீவர்கள். அந்த எட்டுப் பேரை மேனேஜர் தேர்ந்தெடுப்பதில்லை.

ராக்கீஸின் 7-33 அதிர்ஷ்டக் கணக்கில் அடங்காது. ஆனால் அங்கேயும் ஆள் மாறி என்ன ஆயிற்று? பொறுப்பேற்ற வாரன் ஷேஃபரின் கீழ் 36-86. சீசன் முடிவில் 43-119. 2024 ஆகஸ்ட் 8ஆம் தேதி சிகாகோ ஒயிட் சாக்ஸ் பெட்ரோ கிரிஃபோலை நீக்கியபோது 28-89. கிரேடி சைஸ்மோரின் கீழ் 13-32. மொத்தம் 121 தோல்வி. 40 ஆட்டத்தில் 33 தோற்கும் அணியில் குறை ஆட்டக்காரர்கள் பட்டியலில் இருக்கிறது. சுமாரான சரிவு அதிர்ஷ்டம், படுமோசமான சரிவு பட்டியல். இரண்டுக்கும் நடுவே மேனேஜரால் மட்டும் வந்த சரிவு என்பது ஒரு குறுகிய சந்து. அதற்குள்தான் நீக்கத்துக்கு நியாயம் இருக்க முடியும். அதற்கு அடையாளங்கள் உண்டு: ஒரே ரிலீவரை நான்கு நாளில் மூன்று முறை இறக்குவது, கீழ்நிலை மைனர் லீகிலிருந்து மேலே கொண்டுவந்த இளம் ஆட்டக்காரரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஆட விடுவது, டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் அவர் பேச்சைக் காதில் வாங்காதது.

ஆள் மாறியதும் அணி எழுந்த கதைகளைத்தான் நீங்கள் மேற்கோள் காட்டுவீர்கள். அவற்றையும் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

2003 மே மாதம் ஃபுளோரிடா மார்லின்ஸ் 16-22இல் ஜெஃப் டோர்போர்கை அனுப்பி, 72 வயது ஜாக் மெக்கீனைக் கொண்டுவந்தது. அவர் கீழ் 75-49. கடைசியில் யாங்கீஸைத் தோற்கடித்து உலகத் தொடர். உண்மைதான். ஆனால் பிட்சர் டான்ட்ரெல் வில்லிஸ் மே 9ஆம் தேதி, மாற்றம் நடந்த அதே நாட்களில், முதல் ஆட்டம் ஆடினார். அந்த ஆண்டு அவர் பெயரில் 14 வெற்றி. பேட்டர் மிகேல் கப்ரேரா ஜூன் 20ஆம் தேதி வந்தார். இந்த இருவரையும் விட்டுவிட்டு மெக்கீன் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

ஃபில்லீஸும் அப்படித்தான். ஜிரார்டிக்குப் பதில் வந்த ராப் தாம்சனின் கீழ் 65-46, மொத்தம் 87-75, உலகத் தொடரில் ஹூஸ்டனிடம் ஆறு ஆட்டத்தில் தோல்வி. தாம்சன் செய்தது கண்ணுக்குத் தெரிந்தது: ஜூன் மாதமே ரிலீவர் கோரி நெபலைக் கடைசி இன்னிங்ஸ் பொறுப்பிலிருந்து எடுத்தார், இளம் ஆட்டக்காரர் பிரைசன் ஸ்டாட்டுக்குத் தொடர்ந்து வாய்ப்புக் கொடுத்தார். ஆனால் ஆகஸ்ட் 2ஆம் தேதி பிராண்டன் மார்ஷ், நோவா சின்டர்கார்ட், டேவிட் ராபர்ட்சன் மூவரையும் வாங்கிவந்தது நிர்வாகம். இன்னொன்றும் உண்டு. தம் பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளுக்குப் பிளே-ஆஃப் எனும் இறுதிச் சுற்றுகளில் தரும் வைல்டு கார்டு இடங்களில், நேஷனல் லீகில் மூன்றாவது இடம் அந்த ஆண்டுதான் வந்தது; ஃபில்லீஸ் பிடித்தது அந்த இடத்தைத்தான். முந்தைய விதி இருந்திருந்தால் 87 வெற்றியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள், இந்த உதாரணமும் பிறந்திருக்காது.

2008 செப்டம்பர் 15ஆம் தேதி மில்வாக்கி புரூவர்ஸ் 12 ஆட்டம் பாக்கி இருக்கையில் நெட் யோஸ்டை நீக்கியது. அதுவரை 83-67, டேல் ஸ்வேமின் கீழ் 7-5, 26 ஆண்டுக்குப் பிறகு பிளே-ஆஃப். யோஸ்டின் விகிதத்திலேயே அந்த 12 ஆட்டத்தையும் ஆடியிருந்தால் 6.6 வெற்றி வந்திருக்கும். கூடக் கிடைத்தது அரை ஆட்டம்கூட இல்லை. கடைசி வாரங்களில் மூன்றே நாள் ஓய்வில் திரும்பத் திரும்ப வந்து வீசிய பிட்சர் சி.சி. சபாத்தியாவின் தோள்தான் அந்த அணியை உள்ளே கொண்டுபோனது.

இவ்வளவுக்குப் பிறகும் நீக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், தயவுசெய்து ஒப்படைப்பை ஒழுங்காகச் செய்யுங்கள். நாங்கள் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

புல்பென் குறிப்பேடு முதலில். ஒரு ரிலீவர் நேற்று எத்தனை பந்து வீசினார் என்பது ஸ்கோர் அட்டையில் இருக்கும். ஆறாவது இன்னிங்ஸில் எழுந்து இருபது பந்துக்கு மேல் வீசி உடம்பைச் சூடாக்கிவிட்டு, கடைசியில் கூப்பிடாமலே உட்கார வைக்கப்பட்டார் என்பது இருக்காது. இரண்டு நாள் தொடர்ந்து அப்படி எழுந்து உட்கார்ந்தவர், ஆட்டத்தில் இறங்காவிட்டாலும் மூன்றாம் நாள் களைத்த பிட்சர்தான். யாருக்கு முழங்கை இறுக்கமாக இருக்கிறது, யார் அதைப் பத்திரிகைக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்பதெல்லாம் மேனேஜர், பிட்சிங் கோச் இருவரின் தலைக்குள்ளும் நோட்டுக்குள்ளும் இருக்கிறது. 2003இல் மார்லின்ஸும் 2008இல் நியூயார்க் மெட்ஸும் செய்தது போல மேனேஜரோடு பிட்சிங் கோச்சையும் அன்றே அனுப்பினால் அந்தத் தகவலின் இரண்டு பிரதிகளும் வாசலைத் தாண்டிப் போய்விடும். பிட்சிங் கோச்சும் போக வேண்டியவர் என்றால், புல்பென் கோச்சோடு உட்கார்ந்து கடைசி ஏழு நாள் கணக்கை, சூடாக்கிய தடவைகள் உட்பட, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

இது இல்லாமல் போனால் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். புது ஆள் முதல் ஆட்டத்தை ஜெயிக்கத் துடிப்பார். நல்ல ரிலீவர் மூவரையும் ஒருவர் பின் ஒருவராக இறக்குவார். மறுநாளும் அதையே செய்வார். மூன்றாம் நாள் யாரும் இல்லை. 100 பந்து தொட்ட ஸ்டார்ட்டரை ஏழாவது இன்னிங்ஸுக்கும் அனுப்ப வேண்டி வரும். 2020 முதல் ஒரு பிட்சர் குறைந்தது மூன்று பேட்டருக்காவது வீச வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை (ஓர் அணி பேட் செய்யும் முறையை) முடிக்க வேண்டும். களைத்தவரை ஒரே பேட்டருக்காக இறக்கிச் சமாளிக்கும் வழியும் அடைபட்டாயிற்று.

அடுத்தது காலி நாற்காலிச் சங்கிலி. மேனேஜரின் உதவியாளரான பெஞ்ச் கோச்சை மேலே ஏற்றினால் சேதம் குறைவு. மூன்றாம் பேஸ் கோச்சை ஏற்றினால், பால்டிமோரில் டோனி மான்சொலினோ, கொலராடோவில் ஷேஃபர் போல, அன்று மாலை மூன்றாம் பேஸ் பக்கம் நிற்க வேறு ஆள் வேண்டும். இரண்டாம் பேஸில் இருந்து ஓடிவரும் ஆளை ரன் எடுக்க வீட்டுத் தட்டுக்கு அனுப்பலாமா, நிறுத்தலாமா என்று அவர் ஒரு நொடியில் சொல்ல வேண்டும். எதிரணி அவுட்ஃபீல்டர் (மைதானத்தின் தொலைவில் நின்று பந்தைப் பிடித்து எறிபவர்) ஒவ்வொருவரின் கைபலமும் மனதில் இருக்க வேண்டும். அனுபவம் இல்லாதவரை நிறுத்தினால் வீட்டுத் தட்டில் அவுட்டாகும் எண்ணிக்கை கூடும். பல மைனர் லீக் அணிகளில் மேனேஜரே அந்த இடத்தில் நிற்பது வழக்கம்; அங்கிருந்து ஒருவரை வரவழையுங்கள், முந்தின நாளே. முதல்முறை மேனேஜர் ஆகிறவர் பக்கத்தில் பழுத்த ஆள் ஒருவர் உட்காரட்டும். ராக்கீஸ் அதைச் செய்தது: பெஞ்ச் கோச்சாக வந்த கிளின்ட் ஹர்டில், 2009 மே 29ஆம் தேதி 18-28இல் அதே அணியால் நீக்கப்பட்டவர்.

அடுத்தது சைகைகள், அதாவது ஆட்டத்தின்போது ஆட்டக்காரர்களுக்குக் கையால் தரும் ரகசியக் கட்டளைகள். போனவர் சில வாரத்தில் வேறு அணியில் இருக்கலாம் என்பதால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அன்றே எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். 26 பேரும் புது வரிசையை ஒரே சாயங்காலத்தில் மனப்பாடம் செய்ய முடியாது; ஒருவர் தவறாகப் படித்து ஓடினால் ஓர் அவுட். முதல் நாள் இண்டிகேட்டரை மட்டும் மாற்றுங்கள், அதாவது எந்தத் தொடுதலுக்குப் பின் வரும் சைகை செல்லும் என்பதை மட்டும். மிச்சத்தை ஓய்வு நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்காகவே நாள் பார்த்துச் செய்யுங்கள். ஆட்டம் இல்லாத நாளோ, சீசன் நடுவே வரும் ஆல்-ஸ்டார் இடைவேளையோ இருந்தால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். 1988இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அந்த இடைவேளையில்தான் ஜான் மெக்னமாராவை மாற்றியது. ஜோ மார்கன் முதல் 12 ஆட்டத்தையும் ஜெயித்தார். 2004இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 44-44இல் ஜிமி வில்லியம்ஸை அதே இடைவேளையில் மாற்றியது. ஃபில் கார்னரின் கீழ் 48-26. வெற்றிக்கு இடைவேளை காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. புது ஆள் ஆட்டக்காரர்களோடு பேசவும் புல்பென் ஓய்வெடுக்கவும் இடம் கிடைத்தது என்பதே எங்கள் பேச்சு.

புது மேனேஜரின் பதவிப் பெயரில் ஒட்டும் 'தற்காலிக' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாம்சனுக்கு அது அக்டோபரில், பிளே-ஆஃப் நடக்கும்போதுதான் போயிற்று. அந்தச் சொல் ஒட்டியிருக்கும்வரை, பெரிய ஒப்பந்தம் உள்ள மூத்த பேட்டரை உட்கார வைக்கப் புதியவர் தயங்குவார். ஆட்டவரிசை, புல்பென், பெஞ்ச் மூன்றும் கடைசி ஆட்டம்வரை அவர் முடிவு என்று எழுத்தில் கொடுங்கள். அதை ஆட்டக்காரர்கள் முன்னிலையில் நீங்களே வாயால் சொல்லுங்கள்.

சம்பள விஷயத்தில் குறை இல்லை. ஒப்பந்தக் காலம் முடியும்வரை பணம் போய்ச் சேருகிறது. குறை, சொல்லும் விதத்தில். 2008 ஜூனில் மெட்ஸ், மேனேஜர் வில்லி ராண்டால்ஃபை நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியா வரை பறக்கவிட்டு, அன்றைய ஆட்டத்தை ஜெயித்த இரவில் ஹோட்டலில் வைத்து நீக்கியது. அறிக்கை வெளிவந்தபோது நியூயார்க்கில் அதிகாலை மூன்று மணி தாண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் 22ஆம் தேதி சியாட்டில் மரினர்ஸின் ஸ்காட் செர்வைஸ், நிர்வாகம் நேரில் சொல்லும் முன்பே தன் நீக்கத்தைச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஒன்பதாவது சீசனில் இருந்தவர், அணி 64-64.

வரிசை இதுதான்: முதலில் அவர், நேரில், ஜெனரல் மேனேஜரின் வாயால். பிறகு கோச்சுகள். பிறகு ஆட்டக்காரர்கள், ஒரே அறையில். அதன் பின்பே பத்திரிகை. முதல் மூன்றும் முடியும்வரை அறிக்கை எந்தக் கணினியிலும் ஏறக் கூடாது. முடிவு தெரிந்தவர்கள் நான்கைந்து பேருக்கு மேல் போகக் கூடாது. அணி வெளியூரில் இருந்தால் வீடு திரும்பும்வரை பொறுங்கள். பொறுக்க முடியாதென்றால், அவரோடு பேசப் போகும்போதே அவர் ஊர் திரும்புவதற்கான விமானச் சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சீசனின் 162 ஆட்டத்தையும் ஸ்கோர் புத்தகத்தில் எழுதிப் பார்க்கும் ரசிகர்கள் சிலர்