மன்னிப்பைக் கற்பிக்கும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான உடன் ஊழியர்களுக்கும், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பாடம் எழுதும் பெரியவர்களுக்கும் தோத்திரம்.

சில வாரங்களுக்கு முன், எங்கள் பாலர் வகுப்பில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் நீலக் கிரேயானைப் பக்கத்திலிருந்த பையன் பிடுங்கி ஒடித்துவிட்டான். வழக்கம்போல அவனை "சாரி" சொல்ல வைத்து, அவளை "மன்னிச்சிட்டேன்" சொல்ல வைத்து, நான் பாடத்துக்குத் திரும்பினேன். அவளும் சொல்லிவிட்டாள். ஆனால் அந்த இரண்டு துண்டுகளையும் பொத்திப் பிடித்திருந்த அவளுடைய கை வகுப்பு முடியும்வரை திறக்கவே இல்லை. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன்.

மன்னிப்பைப் பற்றிய பாடத்தை நாம் பெரும்பாலும் அநியாயம் அடைந்த பிள்ளையிடமே தொடங்குகிறோம். எத்தனை தரம் மன்னிப்பது என்ற கேள்விக்கு ஆண்டவர் சொன்ன "ஏழெழுபதுதரமட்டும்" என்ற வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதை ஒட்டி ஆண்டவர் சொன்ன கதையோ ஒரு கடனிலிருந்து தொடங்குகிறது. ராஜா தன் ஊழியக்காரனுடைய பெருங்கடனை மன்னித்துவிட, அவனோ தனக்குச் சிறு கடன் பட்ட உடன் வேலைக்காரனை மன்னிக்கவில்லை. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்று கொண்டால், உடன் வேலைக்காரன் பட்ட நூறு வெள்ளிப்பணக் கடன் நூறு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம் என்பதால், ராஜா விட்டுக்கொடுத்த பதினாயிரம் தாலந்தோ ஏறக்குறைய 6 கோடி நாள் கூலி. நூறு புளியங்கொட்டைகளைப் பாயில் எண்ணி வைத்து, மற்றக் கடனை இப்படி எண்ணி வைக்க இந்த அறையே கொள்ளாது என்று சொன்னபோது, பிள்ளைகள் சுவரையும் கூரையையும் அண்ணாந்து பார்த்தார்கள். தான் எவ்வளவு மன்னிக்கப்பட்டோம் என்பதை ஒரு பிள்ளை இப்படி முதலில் உணரட்டும். பிறரை மன்னிக்கச் சொல்வது அதற்குப் பிறகு வரட்டும்.

ஆண்டவரைக் காண மரத்தில் ஏறிய, வரி வசூலிக்கும் சகேயுவின் கதையை நாம் சொல்லும் விதத்திலும் இதே குறை இருக்கிறது. காட்டத்தி மரத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுக்கிறோம். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திரும்பச் செலுத்துவதாக அவன் சொன்னதை ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். தவறு செய்த பிள்ளைக்கு உரிய பாடம் அந்த வரியில்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனிடம் இந்தக் கதையை மட்டும் சொன்னேன், வேறெதுவும் கேட்கவில்லை. அவன் தன் பெட்டியைத் திறந்து அவள்முன் நீட்டினான். அவள் வெகுநேரம் யோசித்து, நீலத்தை விட்டுவிட்டுப் பச்சையை எடுத்துக்கொண்டாள்.

இவற்றைவிடப் பாரமான காரியம் ஒன்று உண்டு. பெரியவர் ஒருவர், அவர் உறவினரோ ஆசிரியரோ சபையிலேயே மதிப்புள்ளவரோ, ஒரு பிள்ளையிடம் தகாதபடி நடந்துகொண்டால், "ஆண்டவருக்காக மன்னித்துவிடு, வெளியே சொல்லாதே" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது சுவிசேஷம் அல்ல. ஏழெழுபது என்று சொன்ன அதே மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில்தான் ஆண்டவர் ஒரு பிள்ளையை நடுவே நிறுத்தி, இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனுடைய கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்றார். முன்பகுதியை மறைத்துப் பின்பகுதியை மட்டும் கற்பிக்க நமக்கு அதிகாரம் இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் விடுவது தண்டனைக்குரியது. மன்னிப்பதா, எப்போது மன்னிப்பது என்பதெல்லாம் அந்தப் பிள்ளை தனக்குரிய காலத்தில் ஆண்டவரோடு பேசித் தீர்மானிக்கும் காரியம். அதை அவசரப்படுத்த ஆயருக்கும் உரிமை இல்லை, பெற்றோருக்கும் இல்லை.

ஆகவே, வருகிற மே மாதப் பாடப்புத்தகத்தில் மன்னிப்பைப் பற்றிய பாடம் முடியும் அதே பக்கத்தில், "உன்னை யாராவது துன்பப்படுத்தினால் சொல், சொல்வது பாவம் அல்ல" என்ற வாக்கியத்தையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுமென்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை ஒருத்தி