கயிறு வயிறான கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியில் கோப்புகள் அடிக்கடி பழுதாகின்றன என்று கேட்டிருந்த வாசகருக்குத் தங்கள் கணினிப் பகுதியில் ஒரு பதில் வந்திருந்தது: "வைரஸாக இருக்கலாம். எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்து வைத்துக்கொண்டு, வன்தட்டை அழித்துவிட்டு, விண்டோஸை மீண்டும் நிறுவுங்கள்." அந்த வாசகர் இன்னும் அப்படிச் செய்திருக்கவில்லை என்றால், தயவுசெய்து அவரைத் தடுத்து நிறுத்துங்கள். இதே அறிவுரையைக் கேட்டு நடந்தவன் நான்.

அச்சகத்தில் 31 ஆண்டுகள் பிழை திருத்துநராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, என் அக்கா கைப்பட எழுதி வைத்திருந்த நினைவுக் குறிப்புகளை நோட்பேடில் வெறும் உரையாகத் தட்டச்சு செய்து வந்தேன். ஒருநாள் அச்சிட்டுக் கொடுத்த பக்கத்தைப் படித்த அக்கா, "கிணற்றில் கயிறு அறுந்து விழுந்தது என்று நான் எழுதினால், வயிறு அறுந்து விழுந்தது என்று அடித்திருக்கிறாயே! முதலில் கண்ணாடியை மாற்று" என்றார். பிழை திருத்திப் பிழைத்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த வரியைத் திரையில் இருமுறை படித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதோடு என் விசைப்பலகையில் கவும் வவும் பக்கத்துப் பக்கத்து விசைகளும் அல்ல.

அதே வாரத்தில் பேத்தியின் புகைப்படம் ஒன்று மேல்பாதி முகமும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமுமாகத் திறந்தது. சுருக்கி வைத்திருந்த ஜிப் கோப்பு ஒன்று, சரிபார்ப்பு எண் ஒத்துவரவில்லை என்று சொல்லித் திறக்கவே மறுத்தது. எந்தக் கோப்பு எப்போது கெடும் என்பதில் ஓர் ஒழுங்கும் இல்லை. பத்து நாள் நன்றாக இருக்கும். பதினோராவது நாள் மூன்று கோப்புகள் போயிருக்கும்.

பழுது பார்க்க வந்தவர் வைரஸ் தேடினார். எதுவும் அகப்படவில்லை. விண்டோஸோடு வரும் தட்டுச் சோதனை நிரலான செக்டிஸ்கை ஓட்டினார். அதுவும் குறை சொல்லவில்லை. சொல்லாது என்பது பின்னால்தான் புரிந்தது. அது நூலின் பொருளடக்கத்தைச் சரிபார்க்கும் ஆள். எந்த அத்தியாயம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று பார்க்குமே தவிர, உள்ளே கயிறு வயிறாகியிருப்பதைப் படிக்காது. வீட்டு விண்டோஸ் கணினிகளில் வழக்கமாக இருக்கும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையும் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்பு எண் வைத்துக்கொள்வதில்லை.

பிறகு அவர் செய்ததுதான் தங்கள் பதிலில் இருந்த வேலை. எல்லாவற்றையும் வெளித்தட்டு ஒன்றுக்கு நகலெடுத்தார், வன்தட்டை அழித்தார், விண்டோஸை நிறுவினார், நகல்களைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார். கணினி வேகமாக இயங்கியது. நானும் மகிழ்ந்தேன். மூன்று வாரம் கழித்து ஆல்பத்தைத் திறந்தால் சாம்பல் படங்கள் முன்னைவிடப் பல மடங்காகியிருந்தன. இப்போது வன்தட்டுதான் குற்றவாளி என்றார். தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 199 ஆகிய மூன்று வரிகளும் சுழியம்தான். முதலாவது மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், அடுத்தது படிக்கத் திணறும் பகுதிகள், கடைசியானது கேபிளில் நேரும் பிழை. சுழியத்தைப் பார்த்துக்கொண்டே தட்டை மாற்றினார். நானும் சரி என்றேன். புதுத் தட்டிலும் அதே கதை.

அதன் பிறகுதான் எனக்கு என் தொழில் நினைவுக்கு வந்தது. பிழை எங்கே நேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் மெய்ப்பை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும், ஊகம் கூடாது. கேமராவின் நினைவட்டையில் சில மூலப் படங்கள் அழியாமல் மிஞ்சியிருந்தன. அவற்றை வேறொரு கணினியில் வைத்து, கெட்ட நகல்களோடு ஒப்பிட்டேன். இதற்கு விண்டோஸிலேயே எஃப்சி என்ற சிறு கட்டளை இருக்கிறது. எத்தனையாவது பைட் (எட்டுப் பிட், அதாவது எட்டுச் சுழியம்-ஒன்றுகள் சேர்ந்த அலகு) வேறுபடுகிறது, மூலத்தில் என்ன, நகலில் என்ன என்று மூன்று பத்திகளில் காட்டிவிடும்.

ஒரு படத்துக்கு ஒரே ஒரு பைட்தான் மாறியிருந்தது! ஜேபெக் படம் நெருக்கிச் சுருக்கப்பட்டது என்பதால், ஓர் எழுத்து பிசகினாலே அதற்குப் பின் வரும் பகுதி முழுவதும் குழம்பிவிடும். இன்னும் வியப்பு, எல்லாப் படங்களிலும் வித்தியாசம் ஒன்றேதான். பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் (அதில் ஒன்பதுக்குப் பின் ஏ, பி என எழுத்துகளும் இலக்கங்களாகும்) 41 இருந்த இடத்தில் 61. 95 இருந்த இடத்தில் பி5. எப்போதும் 20 கூடுதல், அதாவது ஒரே ஒரு பிட் சுழியத்திலிருந்து ஒன்றாகியிருக்கிறது. யூனிகோடில் எழுதும் க என்ற எழுத்து கோப்பில் மூன்று பைட்டுகளாகப் பதிகிறது. மூன்றாவது பைட் 95. வ என்ற எழுத்துக்கும் முதல் இரண்டு பைட்டுகள் அவையேதான். மூன்றாவது மட்டும் பி5. அக்காவின் கயிறு எப்படி வயிறானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கண்ணாடியை நான் மாற்றவில்லை.

மாறிய இடங்களின் எண்களையும் குறித்துப் பார்த்தேன். கடைசி மூன்று இலக்கங்கள் எல்லாப் படங்களிலும் ஒன்றாகவே இருந்தன. ஈய எழுத்தில் அச்சடித்த காலத்தில் முனை உடைந்த எழுத்து ஒன்று, பக்கங்களை அடுக்கிக் கட்டும் சட்டமான ஃபாரத்தில் சிக்கிக்கொண்டால், எத்தனை ஆயிரம் தாள் ஓடினாலும் அதே மூலையில் அதே தழும்பு விழும். இதுவும் அதுதான். கணினி தன் நினைவகத்தை (ரேம்) 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்துக் கையாள்கிறது. அதே பதினாறடிமான எண்முறையில், கடைசி மூன்று இலக்கங்கள் பக்கத்துக்குள் எந்த இடம் என்பதைக் குறிக்கும். அதில் ஏதோ ஒரு பக்கத்தில் ஓர் அறை கெட்டிருக்கிறது. நகலெடுக்கும்போது எந்தக் கோப்பும் நினைவகத்தின் வழியாகத்தான் போகிறது. அந்த இடத்தைக் கடந்துபோகும் கோப்பு தழும்போடு வெளியேறுகிறது. கடக்காதது தப்பிக்கிறது. வன்தட்டு இப்படிச் செய்வது அரிது. கெட்ட தட்டு பெரும்பாலும் படிக்க முடியவில்லை என்று கையை விரித்துவிடும். தவறான எழுத்தைச் சரியானதுபோல நீட்டாது.

விண்டோஸின் சொந்த நினைவகச் சோதனையை ஒருமுறை ஓட்டினேன், குறையில்லை என்றது. மனம் ஒப்பவில்லை. மெம்டெஸ்ட்86 என்ற நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிட்டேன். முதல் இரண்டு சுற்றும் சுத்தம். விடியற்காலையில் பார்த்தபோது மூன்றாம் சுற்றில் சிவப்பு வரிகள் விழுந்திருந்தன. அவற்றிலும் அதே பிட். நினைவகத்தைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பும் இப்படிப் பிழை தரலாம் என்பதால் அதை அணைத்துவிட்டு மறுபடி சோதித்தேன். மாற்றமில்லை. பிறகு இரண்டு ரேம் பட்டைகளில் ஒன்றைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓர் இரவு சோதித்ததில் குற்றவாளி பிடிபட்டது. அதை நீக்கிய நாளிலிருந்து கோப்பு எதுவும் கெடவில்லை.

பெரிய சேவையகக் கணினிகள் பலவற்றில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் கூடுதலாக 8 பிட் வைத்து, ஒற்றைப் பிழையை அங்கேயே திருத்திவிடுகிறார்கள். இதற்கு வழிவகுத்த கணக்கை அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஹாமிங் 1950-லேயே வெளியிட்டுவிட்டார். வார இறுதியில் ஓடவிட்டுப் போன வேலையை, பிழை கண்டதும் இயந்திரம் பாதியில் கைவிட்டுவிடும் எரிச்சலில் பிறந்த கணக்கு அது. அவரை எங்கள் தொழிலில் சேர்த்துக்கொள்ள எனக்குத் தடையில்லை. ஆனால் வீட்டுக் கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இல்லை.

இப்போது தங்கள் பதிலுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்துத் திரும்பப் போடுவது என்றால், ஒவ்வொரு கோப்பையும் அந்தக் கெட்ட அறை இருக்கும் வழியில் இருமுறை நடத்திக் கூட்டிப்போவது. இடையில் வன்தட்டை அழித்ததால், அதுவரை நன்றாக இருந்த மூலங்களும் போய்விட்டன. தானாகக் கெட்டது சில கோப்புகள். சிகிச்சையால் கெட்டது 212 படங்கள். வாரந்தோறும் நான் எடுத்த காப்புப் பிரதியும் உதவவில்லை. பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டிருந்தேன். கெட்டது நல்லதை மூடிவிட்டது.

ஆகவே, அடுத்தமுறை யாராவது இதே கேள்வியைக் கேட்டால், எதையும் நகலெடுக்கச் சொல்வதற்கு முன் ஓர் இரவு நினைவகச் சோதனை ஓட்டச் சொல்லுங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் வன்தட்டில் இருப்பதை அது தொடாது. அவசரமாக எதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தி எடுக்கட்டும்.

அக்காவின் கையெழுத்துப் பிரதி பத்திரமாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி மெய்ப்புப் பார்த்து வருகிறேன். இதுவரை கால் ஒன்று வாலாகவும், கரம் ஒன்று வரமாகவும் மாறியிருப்பதைப் பிடித்திருக்கிறேன். கரத்தை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொல்கிறார் அக்கா. அந்த வாக்கியத்துக்கு வரம்தான் பொருத்தமாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பிழை திருத்துநர் ஒருவர்