மாவுப்பூச்சிக்கு ஜீன் கொடுத்தது யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன இதழ்ல வந்த மாவுப்பூச்சி கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், தமிழ்ல இந்த மாதிரி விஷயம் வர்றதே பெரிசு, ரொம்ப நன்றி. ஆனா பூச்சிக்குள்ள குடியிருக்கற பாக்டீரியாவே தன்னோட ஜீன பூச்சிக்கு கொடுத்துடுச்சுன்னு போட்டிருக்கீங்களே, அது தப்புங்க. பிளஸ் டூ பசங்களுக்கு விலங்கியல் எடுக்கறேன், அவங்க அந்த பக்கத்த வெட்டி நோட்டுல ஒட்டிட்டு வந்து காட்டுனாங்க, அதான் எழுதறேன்.

செம்பருத்தி கொழுந்துல வெள்ளையா பஞ்சு மாதிரி அப்பியிருக்கும், நசுக்கினா விரல்ல பிசுபிசுன்னு ஒட்டும் பாருங்க, அந்தக் குடும்பம் தான். எலுமிச்சை, ஆரஞ்சு மரத்துக்கு வர்ற இனத்த வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. செடியோட சாறு தான் அதுக்கு சாப்பாடே, அதுல சர்க்கரை நிறைய, ஆனா அமினோ அமிலம் பத்தாது, அத செஞ்சு தர்றதுக்கு உள்ள ட்ரெம்ப்ளேயான்னு ஒரு பாக்டீரியா, அதுக்கும் உள்ள மொரனெல்லான்னு இன்னொண்ணு. பாக்டீரியாவுக்குள்ள பாக்டீரியா! ட்ரெம்ப்ளேயாவோட ஜீனோம், அதாவது அதோட மொத்த டி.என்.ஏ., சுமார் 1,39,000 எழுத்து தான், நம்ம குடல்ல இருக்கற ஈ.கோலைங்கற பாக்டீரியாவுக்கு 46 லட்சம். இவ்வளவு ஜீன தொலைச்சுட்டு எப்படி உசுரோட இருக்கு? ஒரு காலத்துல பாக்டீரியாவா இருந்து இப்ப நம்ம செல்லுக்குள்ள இருக்கற மைட்டோகாண்ட்ரியா தன் ஜீன செல்லோட நியூக்ளியஸுக்கு மாத்துன மாதிரி, இதுவும் பூச்சியோட நியூக்ளியஸ்ல கொண்டு போய் வச்சிருக்கும்னு தான் யாருக்கும் தோணும்.

2013ல தேடிப் பார்த்தா, பாக்டீரியாகிட்ட இருந்து வந்த குறைஞ்சது 22 ஜீன் இந்தப் பூச்சியோட ஜீனோம்ல ஆன்ல, அதாவது வேலை செய்யற நிலையில இருக்கு, ஆனா ட்ரெம்ப்ளேயா கொடுத்தது அதுல ஒண்ணு கூட இல்ல. எல்லாம் வேற வேற பாக்டீரியாவோடது. முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போன பாத்திரத்துல இப்ப இருக்கறவங்க சமைக்கற மாதிரி. மொரனெல்லாவ சுத்தி இருக்கற பெப்டிடோகிளைக்கன் சுவர் (பாக்டீரியாவோட செல் சுவர்) கூட அப்படித்தான், கட்டறதுக்கு வேண்டிய ஜீன் கொஞ்சம் அதுகிட்ட, கொஞ்சம் பூச்சிகிட்ட, ரெண்டும் சேர்ந்து தான் சுவர் எழும்புதுன்னு 2019ல காட்டுனாங்க. எனக்கு இத படிச்சப்ப உடம்பு சிலிர்த்துச்சு, கட்டுரையில விட்டுப்போனது இது தாங்க.

உள்ள இருக்கறது நேரா கொடுக்கவே கொடுக்காதுன்னு சொல்ல வரல. டிரோசொபிலா அனனாசேங்கற பழ ஈயோட ஜீனோம்ல அதுக்குள்ள குடியிருக்கற வொல்பாக்கியாங்கற பாக்டீரியாவோட ஜீனோம் கிட்டத்தட்ட முழுசா புகுந்திருக்கறத 2007லயே கண்டுபிடிச்சாங்க. ஆனா புகுந்து உட்கார்ந்துட்டா வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்ல, அது வேற கதை, இது வேற கதை.

அடுத்த இதழ்ல அதே அறிவியல் பக்கத்துல சின்னதா ஒரு திருத்தம் போடுங்க, பசங்க நோட்டுல பக்கத்துலயே ஒட்டிக்கட்டும்.

அன்புடன்,
ஒரு விலங்கியல் ஆசிரியை, ஈரோடு