அப்பா வந்துட்டார், எல்லாருக்கும் நன்றி

முந்தாநாள் ராத்திரி, மறதி வந்த எங்க அப்பா வீட்ட விட்டு நடந்து போய் காணாம போயிட்டார். மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், அப்பா போட்டோவ குரூப் குரூப்பா அனுப்பினதே நீங்க தான். அதனால அத திரும்ப எழுதல. அப்பா நல்லா இருக்கார், ஈஸி சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருக்கார், அத பாத்துட்டே தான் இத டைப் பண்றேன், கை இன்னும் நடுங்குது.

திருவல்லிக்கேணி ஸ்டேஷன்ல எங்க கூடவே அலைஞ்ச போலீஸ்காரங்க, விடியகாலைல ஓமந்தூரார் ஆஸ்பத்திரில அப்பாவ பொறுமையா பாத்த டாக்டர், நர்ஸ் அம்மா, பார்த்தசாரதி கோயில் பக்கம் தெருத்தெருவா வண்டில தேடின பசங்க, ரிடையர் ஆனப்புறம் அப்பா தெனம் போய் உக்காந்திருந்த கன்னிமாரா லைப்ரரில அவர தெரிஞ்சவங்க, எல்லாருக்கும் எங்க குடும்பத்தோட நன்றி.

ஆனா இந்த மடல் முக்கியமா ஒருத்தருக்கு. மவுன்ட் ரோடு ஹிந்து பேப்பர் ஆபீஸ் கேட்ல அன்னிக்கு நைட் டியூட்டி பாத்த செக்யூரிட்டி அண்ணனுக்கு.

அப்பா 1963ல அங்க கம்போசிங்ல, அதாவது அச்சுக்கு ஈய எழுத்து கோக்கற வேலைல, சேர்ந்தவர். பேப்பர் கொண்டு போறதுக்கு கம்பெனியே சொந்தமா பிளேன் வாங்கின வருஷம் அது, அப்பா எந்த பேச்ச ஆரம்பிச்சாலும் அங்க வந்து தான் நிப்பார். இப்ப எங்க பேரே சில நாள் அவருக்கு வரல, ஆனா நைட் ஷிப்ட் மட்டும் மறக்கல. அன்னிக்கு வெள்ள சட்ட போட்டுக்கிட்டு வாலாஜா ரோடு வழியா நடந்தே டியூட்டிக்கு போயிட்டார்.

வேற யாரா இருந்தாலும் ராத்திரி ஒரு மணிக்கு வந்து நிக்கிற பெரியவர வெரட்டிருப்பாங்க. அண்ணன் யாரு என்னன்னு கேட்டிருக்கார், அப்பா டியூட்டிக்கு வந்திருக்கேன்னு சொல்லிட்டு, மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்னபடியே தலைகீழா கெடந்த ரிஜிஸ்டர கடகடன்னு வாசிச்சாராம், ஒரே வண்டி நம்பர் ரெண்டு எடத்துல வந்திருக்குன்னு விரல வெச்சு காட்டினாராம். ஈய எழுத்த தலைகீழா பாத்தே பக்கம் பக்கமா படிச்சு பழகின கண்ணு அது. "அப்பவே தெரிஞ்சுது தம்பி, இவர் பொய் சொல்லல, இந்த எடத்து ஆளு தான்னு" அப்படின்னார் அண்ணன்.

100க்கு போன் பண்ணிட்டு அவர் செஞ்சது தான் என்னால மறக்கவே முடியாது. ரிஜிஸ்டர்ல அப்பா பேர எழுதி, டைம் போட்டு, கையெழுத்து வாங்கி, தன்னோட சேர்ல உக்கார வெச்சு, தன் மஃப்ளர எடுத்து அவர் கழுத்துல சுத்தி விட்டிருக்கார். என்ன மெஷின் சத்தமே கேக்கலன்னு அப்பா கேட்டிருக்கார். பிரஸ் மறைமலை நகருக்கு போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. அண்ணன் அத சொல்லல. "இன்னிக்கு பேஜ் லேட்டு ஐயா, உக்காருங்க"ன்னு மட்டும் சொல்லிருக்கார்.

நாங்க போய் சேர்ற வரைக்கும் அப்பா கத சொல்லிட்டே இருந்திருக்கார். 1878ல திருவல்லிக்கேணி பசங்க ஆறு பேர், அதுல நாலு பேர் லா படிக்கிற ஸ்டூடண்ட்ஸ், ஒன்னே முக்கா ரூபா கடன் வாங்கி 80 காப்பி போட்டு ஹிந்து பேப்பர ஆரம்பிச்ச கத. நாங்க வீட்ல ஆயிரம் தடவ கேட்டு, போதும்பான்னு சொல்லிடுவோம். அண்ணன் அப்புறம், அப்புறம்னு கேட்டுட்டு இருந்திருக்கார்.

2015 டிசம்பர் 2, சென்னை வெள்ளத்துல ஆளுங்க பிரஸ்ஸுக்கு போக முடியாம அன்னிக்கு சென்னைல ஹிந்து பேப்பர் அச்சாகல, 1878லேர்ந்து அதான் மொத தடவன்னு சொன்னாங்க. வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுமோன்னு நாங்க பதறிட்டு இருக்கோம், அப்பா மத்தியானம் வரைக்கும் வாசல்லயே நின்னுட்டு இருந்தார், கண்ணு கலங்கிருச்சு. ஒரு பேப்பருக்கா இப்படின்னு அவர்கிட்ட கோவப்பட்டேன். அத நெனச்சா இப்ப எனக்கு தான் அழுக வருது. அந்த ஒரு எடத்துல தான் அவர் இன்னும் முழுசா இருக்கார், அது எனக்கு புரிய ஒரு கேட்ல உக்காந்திருந்த அண்ணன் வேண்டியிருந்துச்சு.

இனிமே அப்பா டியூட்டிக்கு கெளம்பறேன்னா, ரிடையர் ஆயிட்டீங்கப்பான்னு சொல்ல மாட்டேன். கூட நடந்து போவேன், கேட் வரைக்கும்.

அண்ணே, காசு குடுத்தப்ப கைய பின்னால கட்டிக்கிட்டீங்க, அதுக்கப்புறம் நான் கேக்கல. உங்க மஃப்ளர் எங்க வீட்ல தான் இருக்கு. தொவச்சு வெச்சிருக்கேன், வெள்ளிக்கிழம நைட் அப்பாவே கொண்டு வந்து குடுப்பார்.